டோக்கன் கொடுப்பதற்கு முன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். மும்பைக்குப் பிழைக்க வந்த நமக்கு இதன் முதல் பாதி பொருந்தாது. இங்கே நாம் வீடு கட்டுவதில்லை. யாரோ கட்டி, யாரோ குடியிருந்து, யாரோ விற்கிற வீட்டை வாங்குகிறோம். அதையும் நேரே போய் வாங்குவதில்லை; நடுவில் ஒரு ஏஜெண்ட் இருப்பார்.

சில வாரங்களுக்கு முன் சங்கத்தில் அன்பர் ஒருவர், மகனுக்கு டோம்பிவ்லியில் வீடு பார்த்துவிட்டதாகவும் மறுநாள் டோக்கன் கொடுக்கப் போவதாகவும் சந்தோஷமாகச் சொன்னார். "பத்திரமெல்லாம் பார்த்தாச்சா?" என்று கேட்டேன். "ஏஜெண்ட் நம்ம ஊர்க்காரருதான்" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2018-இல் என் மனைவி இதே கேள்வியைக் கேட்டபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலை 51,000 ரூபாய். அந்த அனுபவம் மற்ற அன்பர்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரயில்வே டோக்கனும் வீட்டு டோக்கனும்

டிப்ளமோ முடித்து மத்திய ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒற்றைப் பாதைப் பிரிவு ஒன்றில் வேலை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரே ஒரு தண்டவாளம். அதில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். இதற்காக இரு ஸ்டேஷன்களிலும் நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் "லைன் கிளியர்" கேட்பார். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் கருவியிலிருந்து ஓர் எஃகு உருண்டை வெளியே வரும். அதைப் பையில் போட்டு வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள். உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை அந்தப் பிரிவுக்குள் செலுத்தமாட்டார். வெளியே போன உருண்டை மீண்டும் ஏதாவது ஒரு முனையில் கருவிக்குள் விழும் வரை இன்னோர் உருண்டையை எடுக்கவே முடியாது. இரண்டு கருவிகளும் மின்சாரத்தால் அப்படிப் பிணைக்கப்பட்டவை.

முதலில் லைன் கிளியர், பிறகு டோக்கன். ஒரு பாதைக்கு ஒரே டோக்கன். இந்த இரண்டு விதிகளையும் கட்டிக் காத்து முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். வீடு வாங்கப் போனபோது இரண்டையும் மறந்துவிட்டேன். வீட்டுச் சந்தையிலும் டோக்கன் என்றுதான் பெயர். ஆனால் அதைக் காக்க எந்தக் கருவியும் கிடையாது. விற்பவர் ஒரே வீட்டுக்கு மூன்று பேரிடம் டோக்கன் வாங்கலாம். பாதை சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்காமலே வாங்கலாம்.

நடந்த கதை

2018 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பின் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான்கு மாதம் வழக்கமான வாடகையிலும், அடுத்த நான்கு மாதம் இரட்டிப்பு வாடகையிலும் இருக்கலாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பின்புதான் கிராஜுட்டிக் கணக்கு முடியும். வீடு வாங்கக் கிராஜுட்டி வேண்டும். கிராஜுட்டி வரக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காலி செய்ய வேறு வீடு வேண்டும். இந்தச் சுழலில் அகப்பட்டவனுக்கு அவசரம் தானாக வந்துவிடும். அவசரக்காரனை ஏஜெண்ட் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்.

நான் பிடித்த ஏஜெண்ட் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரரு நீங்க, உங்ககிட்ட பொய் சொல்வேனா?" என்பார். டோம்பிவ்லி கிழக்கில் ஒரு படுக்கையறை வீடு, விலை 44 லட்சம். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள டோக்கன் கொடுக்கலேன்னா, நாளைக்குக் காலையில வேற பார்ட்டி வருது" என்றார். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து 1,01,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதாகக் கிடைத்தது, ஏஜெண்டின் விசிட்டிங் கார்டின் பின்புறம் பேனாவால் எழுதிய ஒரு வரி.

பத்து நாள் நச்சரித்த பிறகு இண்டெக்ஸ் டூ நகல் வந்தது. மராத்தியில் இருந்தது. எனக்கு மராத்தி பேசவரும். சட்ட மராத்தி வாசிக்க வராது. இங்கேயே பள்ளியில் மராத்தி படித்த என் மகள் அதை வாங்கி வாசித்தாள். "அப்பா, இதுல வாங்கினவங்க ரெண்டு பேருன்னு போட்டிருக்கே. நீங்க ஒருத்தரைத்தானே பார்த்தீங்க?" என்றாள். இன்னொரு பெயர் விற்பவரின் அண்ணனுடையது. விசாரித்தால், அவர் நாசிக்கில் இருக்கிறார், வீட்டை விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை. தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு நான் 44 லட்சத்தையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

தீபாவளிக்கு முன் 50,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 51,000 "செலவாகிவிட்டது" என்றார்கள். ரசீது இல்லாதவன் எங்கே போய் முறையிடுவது? என் மனைவி திட்டவில்லை. "போனது போகட்டுங்க, முழுசாப் போகலியே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஏஜெண்ட் யாருடைய ஆள்?

நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஏஜெண்டுக்கு விற்பவரும் வாங்குபவரும் இருவருமே கமிஷன் தருகிறார்கள். இந்தப் பக்கம் ஆளுக்கு 1 சதவீதம் என்பது வழக்கம். 2 கேட்பவர்களும் உண்டு. மறுவிற்பனை வீட்டுக்கு இத்தனை என்று சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை, பேசி முடிப்பதுதான். வியாபாரம் முடிந்தால் அவருக்கு வருமானம். சரியாக முடிந்ததா, தப்பாக முடிந்ததா என்பதைப் பொறுத்து அது கூடுவதோ குறைவதோ இல்லை. இதைச் சொல்வதால் ஏஜெண்டுகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டைக் காட்டுவது, விலை பேசுவது, இரு தரப்பையும் ஒரே நாளில் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டு வந்து சேர்ப்பது எல்லாம் உழைப்புதான். அதற்குக் கூலி நியாயமே. ஆனால் பத்திரம் பார்ப்பது அவர் வேலை அல்ல. அது நம் வேலை. நாம் அமர்த்தும் வக்கீலின் வேலை.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 2017 மே முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பில்டர் விற்கும் பதிவு பெற்ற புதிய திட்டங்களில் வீடு விற்றுத் தரும் ஏஜெண்ட் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் இந்த ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் 2023-இல் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் குடியிருந்த வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நம்மில் பலர் வாங்குவது அப்படிப்பட்ட வீடுகளைத்தான். அங்கே நம் எச்சரிக்கைதான் நமக்குச் சட்டம்.

முதலில் கணக்கு

"60 லட்சம் வீடு, பேங்க் லோன் கிடைக்கும்" என்று ஏஜெண்ட் சொல்வதோடு கணக்கு முடிவதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம்தான் உச்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது.

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 60 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சக் கடன் 48 லட்சம். மீதி 12 லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை, மெட்ரோ வரியும் சேர்ந்து 6 சதவீதம், அதாவது 3,60,000. பதிவுக் கட்டணம் 30,000. ஏஜெண்ட் கமிஷன் 1 சதவீதமானால் 60,000. சொசைட்டி மாற்றுத் தொகை 25,000 வரை. மொத்தம் 16,75,000 ரூபாய் ரொக்கக் கையிருப்பு வேண்டும். வக்கீல் கட்டணம், கடன் செலவுகள், வீட்டு மராமத்து தனி. தாணே, டோம்பிவ்லி பக்கம் தீர்வை சற்றே கூடுதல்.

வீட்டைப் பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் தீர்வையில் 1 சதவீதம் சலுகை உண்டு. இது 2021-இல் வந்தது. கணவர் பெயரையும் சேர்த்தால் சலுகை இல்லை. ஒப்பந்தத்தில் எழுதும் விலை அரசின் ரெடி ரெக்கனர் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், தீர்வை அரசு மதிப்பின் மீதுதான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். இதை மறந்தால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

டேப்பும் கடிகாரமும்

வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 650 சதுர அடி என்று சொல்லப்பட்ட ஒரு வீட்டை அளந்தேன், 430தான் வந்தது. கேட்டால், "அது சூப்பர் பில்ட்-அப், சார்" என்றார்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் ஒரு பங்கு எல்லாம் நம் தலையில். ரெரா சட்டப்படி புதிய வீடுகளை கார்ப்பெட் பரப்பில்தான் சொல்ல வேண்டும். வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக, உள்சுவர்கள் உட்பட, நாம் புழங்கும் தரைப்பரப்பு அது. பழைய வீட்டுக்கும் விலையை கார்ப்பெட்டால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் இரண்டு வீடுகளை ஒப்பிட முடியும்.

"ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம்" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், பதினேழு நிமிஷம். ஒரே வீட்டை இரண்டு முறை, வெவ்வேறு வேளையில் பாருங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயைத் திறந்து பாருங்கள். கூடுமானால் மழைக்காலத்தில் பாருங்கள். ஜூலை மாதத்துச் சுவர் பொய் சொல்லாது.

லைன் கிளியர்: காகிதங்கள்

நம் ஊரில் நிலம் வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்போம். இங்கே வந்து "வில்லங்கம் எங்கே?" என்று தேடினால், ஏஜெண்ட் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இங்குள்ள வழக்கம் வேறு. கேட்டு வாங்க வேண்டியவை இவை:

1. இண்டெக்ஸ் டூ. பதிவான ஒவ்வொரு ஒப்பந்தத்தின் சுருக்கம். விற்றவர், வாங்கியவர், பரப்பு, விலை எல்லாம் இதில் இருக்கும். பதிவுத் துறையின் இணையதளத்தில் நாமே தேடலாம். மராத்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒப்பந்தங்களின் தொடர். பில்டர் முதல் ஆளுக்கு விற்றதிலிருந்து இன்று விற்பவர் வரை, ஒரு கண்ணியும் விடுபடாமல் எல்லாமும் அசலாக. ஒரு பெயர் இரண்டு பேரானாலும், ஒருவர் இறந்திருந்தாலும் அங்கே நின்று விசாரியுங்கள். வக்கீலிடம் முப்பது வருஷத்துக்கு சர்ச் ரிப்போர்ட் கேட்பது நல்லது.

3. சொசைட்டியின் பங்குச் சான்றிதழ். விற்பவர் பெயரில் மாறியிருக்க வேண்டும். பராமரிப்பு பாக்கி இல்லை என்று சொசைட்டியின் கடிதமும் வேண்டும். வீடு கைமாறும்போது சொசைட்டி கேட்கும் மாற்றுத் தொகைக்கு மாநகராட்சிப் பகுதிகளில் 25,000 ரூபாய்தான் உச்சம். இது 2001-இல் அரசு விதித்த வரம்பு. "நன்கொடை" என்று அதற்கு மேல் கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

4. ஓ.சி. என்ற குடியிருப்புச் சான்றிதழ். அனுமதித்த வரைபடப்படி கட்டடம் முடிந்தது என்று மாநகராட்சி தருவது. "வந்துடும், அப்ளை பண்ணியிருக்கு" என்பது ஓ.சி. ஆகாது.

5. வீட்டின் மீது கடன் உண்டா? அசல் பத்திரங்களைக் காட்டத் தயங்கினால் அவை ஏதோ வங்கியில் இருக்கலாம். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம்.

புதிய வீடு என்றால் ரெரா எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். கல்யாண் டோம்பிவ்லி மாநகராட்சிப் பகுதியில் 65 கட்டடங்கள், போலி அனுமதிப் பத்திரங்களைக் கொடுத்தே ரெரா எண் வாங்கிவிட்டன. 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. வங்கிக் கடன் வாங்கிக் குடியேறிய குடும்பங்களும் அவற்றில் உண்டு. எண் இருந்தது, கடன் கிடைத்தது, வீடு மட்டும் செல்லவில்லை. அனுமதிப் பத்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் ஒரு முறை நேரில் கேட்டுவிடுவதற்கு அரைநாள் போதும்.

பிறகுதான் டோக்கன்

இரண்டாவது முறை எனக்கு வாய்த்த ஏஜெண்ட் ஒரு மராத்தி அம்மாள். அவசரத்தில் இருந்த நான், பார்த்த வீடு பிடித்ததும் பையில் கை வைத்தேன். "காகா, முதலில் காகிதம் பாருங்கள். என் கமிஷன் பதிவு நாளன்று போதும்" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஒரே மொழி பேசியவர் சொல்லாததை இவர் சொன்னார்.

டோக்கனை சிறிய தொகையாக, காசோலையிலோ வங்கி வழியாகவோ, வீட்டுக்காரர் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். உரிமையாளர் இருவரானால் இருவரும் ரசீதில் கையெழுத்திட வேண்டும். உரிமையில் குறை தெரிந்தாலோ, வங்கி கடன் மறுத்தாலோ, இத்தனை நாளில் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு மறுப்பவரிடம் டோக்கனே வேண்டாம். புதிய வீடானால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டமே சொல்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். இங்கே 'அக்ரிமெண்ட் ஃபார் சேல்' கட்டத்திலேயே முழு முத்திரைத் தீர்வையும் கட்டிவிடுவது வழக்கம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். சொசைட்டிப் பங்குச் சான்றிதழ், மின்சாரம், சொத்து வரி மூன்றிலும் பெயர் மாற வேண்டும். நான் ஏஜெண்ட் அம்மாளிடம் பேசி, கமிஷனில் கால் பங்கைப் பங்குச் சான்றிதழ் என் கைக்கு வரும் வரை நிறுத்தி வைத்தேன். அவரும் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார். சொசைட்டிக்கு நான்கு முறை நடந்தவரும் அவரே.

டிசம்பரில் குடிபோனோம். ஜனவரி பிறக்குமுன் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தேன். வீட்டுக்காக என் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக் கடன் வாங்கியவள், அன்று மராத்தியில் அந்த இரண்டாவது பெயரை வாசித்துச் சொன்ன என் மகள்தான்.

சங்கத்தில் பார்த்த அந்த அன்பர் மறுநாள் டோக்கன் கொடுக்கவில்லை. பத்திரங்களைக் கேட்டிருக்கிறார், ஏஜெண்ட் இன்னும் கொண்டுவந்து காட்டவில்லையாம். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வேறு வீடு கிடைக்கும். லைன் கிளியர் வராமல் வண்டி நின்றால் பயணிகள் முணுமுணுப்பது வழக்கம். நின்ற வண்டியால் யாருக்கும் அடிபட்டதில்லை.